தோற்கும் சீசனில் பயிற்சியாளரின் நாற்காலி: ஐ.எஸ்.எல். உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துக் கிளப்களின் மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

அணி தொடர்ந்து தோற்கும்போது தலைமைப் பயிற்சியாளரை நடு சீசனில் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அவர் நீடிப்பாரா இல்லையா என்பதைக் கடைசி லீக் ஆட்டம் முடிந்த பிறகு, சீசனுக்கு முன்பே எழுதி வைத்த அளவுகோல்களைக் கொண்டு முடிவு செய்யுங்கள். இதைக் கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். எந்தப் பயிற்சியாளருக்கும் நான் முகவர் அல்லன். சென்னை நேரு விளையாட்டரங்கில் டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்க்கும் ரசிகன் என்பதைத் தவிர இதைக் கேட்க எனக்கு வேறு தகுதியும் இல்லை.

ஐரோப்பாவில் ஒரு கிளப் பயிற்சியாளரை அவசரமாக மாற்றினால் அதற்கு ஒரு காரணமாவது இருக்கும். இங்கிலாந்தின் முதன்மை லீக்கிலிருந்து கீழே இறங்கும் கிளப்புக்கு அடுத்த ஆண்டே தொலைக்காட்சி வருமானம் பெருமளவு சரிந்துவிடும். எனவே நிர்வாகத்துக்கு வரும் நடுக்கம் புரிந்துகொள்ளக்கூடியது. நம்முடைய லீக்கின் நிலை வேறு. 2014-இல் தொடங்கியதிலிருந்து 2024–25 சீசன் வரை, களத்தில் தோற்றதற்காக எந்த அணியும் ஐ.எஸ்.எல்.லிலிருந்து கீழே தள்ளப்பட்டதில்லை. கடைசி இடத்தில் முடித்த அணியும் அடுத்த சீசனில் அதே லீக்கில்தான் ஆடியது. ஆக, இங்கே நடு சீசன் நீக்கத்தால் தவிர்க்கப்படும் பேரிழப்பு என்று எதுவும் இருந்ததில்லை. நிர்வாகம் ஏதோ செய்துவிட்டது என்ற தோற்றம் மட்டுமே அதனால் கிடைத்தது.

சென்னையின் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 2015 சீசனில் மார்கோ மாத்தராத்சி பயிற்சியளித்த சென்னையின் எஃப்.சி. லீக் சுற்றின் பிற்பகுதி வரை புள்ளிப்பட்டியலின் அடியில் கிடந்தது. பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் மறுக்க எங்களிடம் பெரிய வாதம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் அவர் நீடித்தார். அடுத்தடுத்த வெற்றிகளால் அணி மூன்றாம் இடத்துக்கு ஏறியது. டிசம்பர் வெள்ளத்தால் சொந்த மைதானத்தைப் பயன்படுத்த முடியாமல் அரையிறுதியின் சொந்த ஆட்டத்தைப் புனேயில் ஆடிய அணி, அங்கே கொல்கத்தாவை 3–0 என வென்றது. கோவாவுடனான இறுதி ஆட்டத்தில் 87-ஆம் நிமிடத்தில் 1–2 எனப் பின்தங்கியது. 90-ஆம் நிமிடத்தில் கோவா கோல்காப்பாளர் கட்டிமணியின் சுய கோல், அதன் பின் சேர்த்த நிமிடங்களில் மெண்டோசாவின் கோல், 3–2. அந்தக் கோப்பையைப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று நான் சொல்லமாட்டேன். அதிர்ஷ்டத்துக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் அக்டோபரிலோ நவம்பரிலோ ஒரு நீக்கக் கடிதம் போயிருந்தால் அந்த அதிர்ஷ்டத்தைச் சந்திக்க அந்தப் பயிற்சியாளர் அங்கே இருந்திருக்கமாட்டார்.

2017–18-இல் பயிற்சியாளர் ஜான் கிரகரி இரண்டாவது கோப்பையை வென்று தந்தார். அடுத்த சீசனிலேயே அதே அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே எடுத்துப் பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது. நிர்வாகம் அவரை நீக்கவில்லை. அதே சீசனின் முடிவில் அணி சூப்பர் கோப்பையின் இறுதி வரை சென்றது. சென்னை நிர்வாகத்தைக் குறை சொல்ல எங்களுக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு என்றாலும், அந்த ஓராண்டுப் பொறுமைக்காக அவர்களைப் பாராட்டவே வேண்டும்.

இதற்கு நீங்கள் சொல்லப்போகும் பதிலை நான் அறிவேன். 2019 நவம்பர் இறுதியில், ஆறே ஆட்டங்களுக்குப் பிறகு கிரகரி விலகினார். டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். பட்டியலின் அடிப்பகுதியிலிருந்த அணி 2020 மார்ச்சில் இறுதி ஆட்டத்தில் நின்றது. நடு சீசன் மாற்றத்துக்கு இதைவிட நல்ல சான்று ஐ.எஸ்.எல். வரலாற்றில் கிடைப்பது அரிது. அதனால்தான் அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அந்த சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னை ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டம், நவம்பர் 25, நேரு விளையாட்டரங்கில் ஹைதராபாத்துடன். 90 நிமிடங்கள் முடியும் வரை கோல் இல்லை. அதன் பின் சேர்த்த நிமிடங்களில் சென்னையின் ஷெம்ப்ரி அடித்தார். கொண்டாட்டம் அடங்குவதற்குள் ஹைதராபாத்தின் கில்கேலன் சமன் செய்தார். அதற்கும் பிறகு வால்ஸ்கிஸ் வெற்றி கோலை அடித்தார். அடுத்த ஆட்டத்தில் ஒடிசாவுடன் 2–2. அதாவது, கோல் வறட்சி தீரத் தொடங்கியபோது பயிற்சியாளர் கிரகரிதான். அந்த சீசனில் 15 கோல்கள் அடித்த வால்ஸ்கிஸும் நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்திய கிரிவெல்லாரோவும் கோய்ல் வருவதற்கு முன்பே அணியில் இருந்தவர்கள். கோய்லின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த வீரர்களை அவர் அணிவகுத்த விதம் அருமையானது. ஆனால் எழுச்சி முழுவதையும் நாற்காலி மாற்றத்தின் கணக்கில் எழுதுவது சரியான கணக்காகாது.

இந்த ஐயம் எனக்கு மட்டும் தோன்றியதன்று. டச்சு முதன்மை லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான சீசன்களை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் தெர் வேல், பயிற்சியாளரை நீக்கிய அணிகள் அதற்குப் பிறகு மீண்டெழுந்ததைக் கண்டார். அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை நீக்காத அணிகளை அவற்றோடு ஒப்பிட்டபோது, அவையும் ஏறத்தாழ அதே போலத்தான் மீண்டெழுந்திருந்தன. சரிவின் ஆழத்தில் நின்று எடுக்கும் எந்த முடிவும் பலித்ததாகவே தோன்றும்.

பலிக்காதவற்றை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். சென்னையே 2022 பிப்ரவரியில், கோவாவிடம் 0–5 எனத் தோற்ற பிறகு, பயிற்சியாளர் போஜிதார் பாந்தோவிச்சை நீக்கிவிட்டுத் தமிழகத்தின் முன்னாள் இந்திய வீரர் சபீர் பாஷாவிடம் மீதி ஆட்டங்களை ஒப்படைத்தது. சீசன் முடிந்தபோது கிடைத்தது எட்டாம் இடம். முந்தைய சீசனிலும் அதே எட்டாம் இடம்தான். ஈஸ்ட் பெங்காலுக்குச் சூப்பர் கோப்பையை வென்று கொடுத்து நெடுங்கால வறட்சியை முடித்த கார்லெஸ் குவாத்ரத், அதே 2024-இன் செப்டம்பர் இறுதியில், லீக்கின் முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றதும் விலகினார். அணி அடுத்த மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. நார்த்ஈஸ்ட் யுனைடெட் 2022 டிசம்பரில் மார்கோ பால்புலை மாற்றியது. அம்மாத இறுதியில் ஏ.டி.கே. மோகன் பகானை 1–0 என வென்றபோது மாற்றம் வேலை செய்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அந்த சீசனின் ஒரே வெற்றி அதுவாகத்தான் இருந்தது. 20 ஆட்டங்களில் 5 புள்ளிகள்.

அதே நார்த்ஈஸ்ட் அடுத்து என்ன செய்தது என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. 2023-இல் ஹுவான் பெத்ரோ பெனாலியைக் கொண்டுவந்தார்கள். முதல் சீசனில் ஏழாம் இடம், பிளே-ஆஃப் கிடையாது. ஆனாலும் அவரை மாற்றவில்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிராக 0–2 எனப் பின்தங்கியிருந்து மீண்டு, பெனால்டியில் டூரண்ட் கோப்பையை வென்றார்கள். கிளப்பின் முதல் கோப்பை அது. லீக்கில் நான்காம் இடம் வந்தது. 2025-இல் டூரண்டைத் தக்கவைத்துக்கொண்டார்கள். காலித் ஜமீலின் கதையும் இதையே சொல்கிறது. 2023 டிசம்பரில் நடு சீசனில் அவர் பொறுப்பேற்ற ஜாம்ஷெட்பூர் அந்த சீசனைப் பதினோராம் இடத்தில்தான் முடித்தது. நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது. அடுத்த சீசனில் ஐந்தாம் இடம், அரையிறுதி, சூப்பர் கோப்பையின் இறுதி ஆட்டம். 2025 ஆகஸ்டில் அவர் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார்.

தோற்கும் சீசன் பெரும்பாலும் களத்தில் தொடங்குவதில்லை. எந்த வெளிநாட்டு வீரர் வருகிறார், அவர் விசா கிடைத்து எப்போது வந்து சேர்கிறார், ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தடுப்பாட்டக்காரரை விட்டுவிட்டு அவரிடத்துக்கு யாரை எடுத்தோம், சீசனுக்கு முந்தைய முகாம் எத்தனை வாரம் நடந்தது என்பனவெல்லாம் முதல் விசில் ஊதும் முன்பே முடிவாகிவிடுகின்றன. இவற்றில் பயிற்சியாளரின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பது கிளப்புக்குக் கிளப் மாறும். ரசிகர்களுக்கு அது தெரிவிக்கப்படுவதே இல்லை. நடு சீசனில் வரும் புதியவருக்கோ ஜனவரிப் பரிமாற்றக் காலம் திறக்கும் வரை அதே வீரர்கள்தாம். 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் மிக்கேல் ஸ்தாரேயை நீக்கிய அதே நாட்களில் அந்தக் கிளப்பின் ரசிகர் அமைப்பான மஞ்சப்படையினர் நிர்வாகத்தை எதிர்த்துப் போராட்டம் அறிவித்தார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வீரர்களைத் தேர்ந்தெடுத்த மேசை எது என்பது அரங்கின் மேல்வரிசையில் நிற்பவருக்கும் தெரிகிறது.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் நீங்கள் முதலில் கேட்பது அதைத்தான். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2024 ஜூனில் இந்திய அணியின் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சை நீக்கியபோது அவரது ஒப்பந்தம் 2026 வரை இருந்தது. கடைசியில் நான்கு லட்சம் டாலர் கொடுத்துத்தான் அந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. 2021 ஜனவரியிலிருந்து பயிற்சியாளர்களின் ஒப்பந்தங்களுக்கென்றே உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தனி விதிகளை வைத்திருக்கிறது. அவற்றின்படி தக்க காரணமின்றி நீக்கினால் மீதிக் காலத்துக்கான தொகையைத் தர வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடைத்தால் அந்தளவு குறையும். ஆட்டங்களில் தோற்றதை மட்டும் தக்க காரணமாகக் காட்டித் தப்பிப்பது எளிதன்று.

ஆனால் ஃபிஃபாவின் தீர்ப்பாயம் விசாரிப்பது நாடு கடந்த வழக்குகளை. ஸ்பெயினிலிருந்து வந்தவருக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. இந்தியக் கிளப்பில் வேலை செய்யும் இந்தியப் பயிற்சியாளர் உள்நாட்டு அமைப்புகளையே நம்ப வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் போகும்போது அவரோடு சேர்ந்து நிலை ஆடிப்போகும் துணைப் பயிற்சியாளர், கோல்காப்பாளர் பயிற்சியாளர், உடற்தகுதிப் பயிற்சியாளர் ஆகியோரில் பலர் நம் ஊர்க்காரர்கள். அவர்களின் பெயர் அறிவிப்பில்கூட வருவதில்லை. லீக்கின் வணிக உரிமை ஒப்பந்தம் இழுபறியாகி 2025–26 சீசன் உரிய காலத்தில் தொடங்காமல் தள்ளிப்போனபோது முதலில் நின்றது இப்படிப்பட்டவர்களின் சம்பளம்தான் என்று நான் சொன்னால், எல்லாக் கிளப்களும் அப்படி அல்ல என்று நீங்கள் மறுக்கலாம். மறுக்க முடிந்த கிளப்கள் தங்கள் கணக்கை வெளியிடட்டும்.

தோற்கும் பயிற்சியாளரைச் சாகும் வரை வைத்திருங்கள் என்று நான் கேட்கவில்லை. வீரர்களிடம் தகாத முறையில் நடப்பவர், காயமுற்றவரை மருத்துவர் சொல்லை மீறிக் களமிறக்குபவர், ஒப்பந்தக் கடமைகளைச் செய்யாதவர் ஆகியோரை எந்த நாளிலும் நீக்கலாம், நீக்கவும் வேண்டும். புள்ளிப்பட்டியலை மட்டும் காரணமாக வைத்து எடுக்கும் முடிவு லீக் சுற்று முடியும் வரை காத்திருக்கட்டும் என்பதே என் கோரிக்கை. அந்த முடிவை எடுக்கும் கூட்டத்தில் வீரர் தேர்வுக்குப் பொறுப்பானவரும் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். துணைப் பயிற்சியாளர்களின் ஒப்பந்தம் தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தோடு முடியாமல் தனியாக இருக்கட்டும். இந்தியப் பயிற்சியாளர்களுக்கும் ஃபிஃபா விதிக்கு நிகரான நஷ்டஈட்டுப் பிரிவு அதில் சேரட்டும்.

இவற்றைச் செய்ய லீக் முழுவதும் ஒன்றுகூடித் தீர்மானம் போட வேண்டியதில்லை. உங்களில் யார் அடுத்த தலைமைப் பயிற்சியாளரை நியமிக்கிறீர்களோ, அவர் அந்த அறிவிப்பிலேயே, மாலையும் சால்வையுமாக எடுத்த படத்துக்குக் கீழே, ஒப்பந்தம் எந்த நாள் வரை, மதிப்பாய்வு எந்த மாதத்தில், வீரர் தேர்வில் இறுதிச் சொல் யாருடையது என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னைக் கால்பந்து ரசிகன் ஒருவன்