இடியும் முன் ஒரு படமாவது எடுங்கள்

ஒஹாயோ மாநிலத்தின் ஒவ்வொரு கவுண்டியிலும் (மாவட்டத்திலும்) சொத்துகளை மதிப்பிட்டு வரிப் பதிவு வைக்கும் கவுண்டி ஆடிட்டர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் பக்கத்துச் சாலையோரம் நின்ற மெயில் பவுச் கொட்டகையை, அதாவது மெயில் பவுச் என்ற மெல்லும் புகையிலையின் விளம்பரத்தைச் சுவரில் எழுதியிருந்த பண்ணைக் கொட்டகையை, பிரித்துவிட்டார்கள். எழுத்துள்ள பலகைகளைப் பழைய மர வியாபாரி லாரியில் ஏற்றிப் போனார். ஏதோ ஓட்டல் சுவருக்காம். அதன் படம் சொத்து வரிப் பதிவில் இருக்கும் என்று நம்பித் தேடினேன். கொட்டகையின் நீள அகலம் இருந்தது, மதிப்பு இருந்தது, வீட்டின் படம்கூட இருந்தது. எழுத்திருந்த சுவர் இல்லை.

விற்ற பெரியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூரைத் தகரம் ஓட்டை. மழை உள்ளே இறங்கி உத்திரம் உளுத்துவிட்டது. குதிரை வண்டிக்காக வைத்த வாசலில் இன்றைய எந்திரம் நுழையாது. அந்தக் காலத்தில் புகையிலைக் கம்பெனி சுவருக்கு இலவசமாகச் சாயம் அடித்துக் கையில் கொஞ்சம் காசும் கொடுத்தது. இப்போது அதுவும் இல்லை. "வைக்கோல்கூட வைக்க முடியாத இதற்கு எவ்வளவுதான் செலவழிப்பது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இந்தக் கொட்டகைகளின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1946-ல் ராணுவத்திலிருந்து திரும்பித் தூரிகையைப் பிடித்த நம் ஒஹாயோக்காரர் ஹார்லி வாரிக், எழுதியதும் புதுப்பித்ததுமாக 20,000 சுவர்களாவது பார்த்தவர். அச்சு வைத்து எழுதியதில்லை, எல்லாம் கைவீச்சுதான். 1965-ல் சாலையோர விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு வந்தபின், இவை வரலாற்று அடையாளங்கள் என்று சொல்லிச் சட்டத்தைத் திருத்தியே காப்பாற்றினார்கள். 2000-ல் வாரிக் இறந்தார். மங்கும் எழுத்தை மறுபடி எழுத அவர் கை இனி வராது.

புகையிலைக்கு என்ன புகழ் என்று சிலர் கேட்கிறார்கள். புகையிலை போடச் சொல்லி நான் யாரையும் கூப்பிடவில்லை. கறுப்புச் சுவரில் வெள்ளையும் மஞ்சளுமாக ஆளுயரத்துக்கு நின்ற அந்தக் கைவேலையைத்தான் கேட்கிறேன்.

மாநிலத்தின் 200-ஆவது ஆண்டுக்காக, கவுண்டிக்கு ஒன்றாக 88 கொட்டகைகளில் புதிதாகச் சின்னம் வரைய மனமும் பணமும் இருந்தது. நல்ல காரியம்தான். பழைய சுவரைப் படம் எடுக்க மட்டும் ஏன் யாருக்கும் தோன்றவில்லை? வரி வாங்கக் கொட்டகை கண்ணில் படுகிறது, எழுத்து மட்டும் படவில்லையா?

கோபத்தில் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். என் கோரிக்கை சின்னது. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை சொத்து மதிப்பைத் திருத்த உங்கள் ஆட்கள் எப்படியும் வருகிறார்கள். அப்போது எழுத்துள்ள சுவரை நேருக்கு நேர் நின்று ஒரு படம் எடுக்கட்டும். நிறம், எந்தச் சாலையைப் பார்த்திருக்கிறது, யார் எப்போது எழுதியதாக வீட்டுக்காரர் சொல்கிறார் என்று நாலு வரி குறிக்கட்டும். அதை அந்தச் சொத்தின் பக்கத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். காப்பாற்ற முடியாவிட்டாலும் சரி, பதிவாவது செய்யுங்கள். அடுத்த சுற்றிலேயே தொடங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒஹாயோவில் வரி கட்டும் ஒரு தமிழன்