வத்தல் அனுப்ப முகவரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? வாட்ஸாப்பில் எது அனுப்பினாலும் ஒரு கட்டைவிரலோடு முடித்துவிடுகிறாய், அதனால்தான் மெயில். பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று அலுத்துக்கொள்ளாதே.

மோர்மிளகாயும் கொத்தவரங்காய் வத்தலும் போட்டாயிற்று. இந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டது, மூன்றே நாளில் கலகலவென்று காய்ந்துவிட்டன. கூரியரில் போட்டுவிடலாம் என்கிறார் அப்பா. முகவரி அதேதானே? பெரியம்மாவின் மருமகள் உன்னை அங்கே நம்மூர்ச் சாமான் விற்கிற கடையில் பார்த்தாளாம். தனியாக வந்திருந்தாய், சின்னப் பை அரிசி வாங்கினாய் என்று சொன்னாளாம். சின்னப் பை என்றால் எத்தனை கிலோ என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அது கிடக்கட்டும். நீ பீரோவில் விட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கை டிவியில் செருகிப் பார்த்தேன். பொங்கலிலிருந்து மத்தியானம் இரண்டு இரண்டாக அந்த விண்கப்பல் தொடர் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' ஓடுகிறது. மொத்தம் 178 கதையில் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டேன். சிரிக்காதே. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவளுக்குக் கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்கத் தெரியாதா? பிளஸ் டூ லீவில் நீ இதைப் பார்த்தபோது 'அட்டைப் பெட்டியில் விண்வெளி' என்று கேலி செய்தேனே, முதல் வருஷத்தைப் பொறுத்தவரை அது தப்பே இல்லை. 1987இல் ஆரம்பித்திருக்கிறார்கள். எல்லோரும் மேடையில் பரிசு வாங்க நிற்கிற பிள்ளைகள் மாதிரி விறைப்பாக நிற்கிறார்கள். இரண்டாவது கதையே பழைய ஸ்டார் ட்ரெக் தொடரில் வந்ததைத் திருப்பிப் போட்டது. கறுப்பின மக்களை மட்டமாகக் காட்டுகிற ஒரு கிரகத்துக் கதை, பார்க்கவே கூச்சமாக இருந்தது. நடித்தவர்களே பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டார்களாம். எத்தனை தடவை அணைத்துவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன்!

அந்த மொட்டைத் தலை கேப்டன் பேட்ரிக் ஸ்டூவர்ட் இருக்கிறாரே, இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர். இது ஓடாது, சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று பல வாரம் பெட்டியைப் பிரிக்காமலேயே இருந்தாராம். ஏழு வருஷம் ஓடியது. நீ அந்த நீலப் பெட்டியைப் பிரித்தாயா? எதிலும் அவசரப்படாதே பாப்பா.

இரண்டாவது வருஷத்தில் துணைக் கேப்டன் ரைக்கர் தாடி வளர்த்தார், அப்புறம்தான் தொடர் தேறியது என்று நீ சொல்வாய். தாடி என்ன பண்ணும்? அந்த வருஷம் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வேறு, 22 கதைதான் எடுக்க முடிந்தது. கடைசிக் கதை பழைய காட்சிகளை ஒட்டுப்போட்டது, நேற்றைய குழம்பைச் சுடவைத்த மாதிரி. ஆனால் நடுவிலே, டேட்டா என்கிற இயந்திர மனிதன் ஆளா, சாமானா என்று விசாரணை வைக்கிறார்களே, அதைப் பார்த்துவிட்டு அப்பாவுக்குக் காபி போட மறந்துவிட்டேன். எழுதியது மெலிண்டா ஸ்னாட்கிராஸ் என்ற பெண். மூன்றாவது வருஷம் மைக்கேல் பில்லர் என்பவர் எழுத்துக்குப் பொறுப்பேற்றார். யார் கதை அனுப்பினாலும் படிப்போம் என்று கதவைத் திறந்துவிட்டாராம். கிரகத்தைச் சுற்றி அலையாமல் கப்பலில் இருக்கிற ஆட்களைப் பற்றிக் கதை பண்ணச் சொன்னார். அதோடு உடுப்பும் மாறியது. முதல் இரண்டு வருஷம் உடம்பைப் பிடித்து இழுக்கிற ஒற்றை உடுப்பைப் போட்டு எல்லோருக்கும் முதுகுவலியாம். மூன்றாவதில் கம்பளித் துணியில் சட்டை தனி, கால்சட்டை தனி. கேப்டன் எழுந்திருக்கும்போதெல்லாம் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார், பார்த்திருப்பாயே, அப்படியே உன் தாத்தா. உடுப்பு தளர்ந்ததும் முகமும் தளர்ந்துவிட்டது. ஆக, கொஞ்சம் பொறுத்தால் சரியாகும். நீயும் அவசரப்படாதே.

என்னையே எடுத்துக்கொள். எனக்கு அந்த மூன்றாவது வருஷம் வர பதினேழு வருஷம் ஆயிற்று. உன் பாட்டி போன பிறகுதான் என் வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பாவை நான் வைத்த இடத்தில் பார்த்தேன். இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, என்னவாகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? குளிர் ஊர் என்று சாக்கு சொல்லாதே.

ஒரு விஷயம் இடிக்கிறது. அந்த டாஷா யார் என்ற பெண், பாதுகாப்பு அதிகாரி. முதல் வருஷத்திலேயே தாருருண்டை மாதிரி ஒரு ஜந்து பொசுக்கென்று கொன்றுவிடுகிறது. நான் ‘அடப்பாவி!’ என்றதும் அப்பா ஹாலிலிருந்து "யார் செத்தது?" என்றார். "யார்தான்" என்றேன். சண்டையே வந்துவிட்டது. அந்த வேஷம் போட்ட டெனிஸ் கிராஸ்பி தானாகத்தான் விலகினாராம். பின்னால் நிற்பதைத் தவிர தனக்கு வேலை இல்லை, விட்டுவிடுங்கள் என்று கேட்டாராம். பொறுத்திருந்தால் நல்ல காலம் வந்திருக்குமே என்று எனக்கு முதலில் கோபம்தான். அப்புறம் 1990இல் ஒரே ஒரு கதைக்குத் திரும்பி வருகிறார், காலம் புரண்டுபோய் அவள் சாகாமல் இருக்கிற கதை. நான் பார்த்ததில் அதுதான் உச்சம். டாக்டர் க்ரஷரையும் முதல் வருஷத்தோடு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து அவராக நடித்த கேட்ஸ் மக்ஃபேடன் திரும்பி வந்து, எதுவுமே நடக்காதது போல அதே மருத்துவ அறையில் நிற்கிறார். ஏன் போனாய், ஏன் வந்தாய் என்று கப்பலில் ஒருவரும் கேட்கவில்லை. நம் தெருவாக இருந்தால் கேட்டிருப்பார்கள். நானும் கேட்டிருப்பேன்.

நேற்று நான்காவது வருஷத்தில் ஒன்று பார்த்தேன். எதிரிகள் பிடித்துக்கொண்டுபோய் உருக்குலைத்த பிறகு கேப்டன் பிரான்ஸிலுள்ள சொந்த ஊருக்கு வருகிறார். அண்ணனோடு திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே இருந்த மனிதர் அழ ஆரம்பித்துவிடுகிறார். சட்டையெல்லாம் சேறு. அண்ணன்காரன் போனை வைக்கிறேன் என்று ஓடிவிடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

மார்கழியில் நீ நடு ராத்திரி பேசினாயே, "நான் வந்துடட்டுமாம்மா" என்று. ஒரு வருஷம்தானே ஆகிறது, போகப்போகச் சரியாகும் என்றேன். நீ மறுபடி ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பாப்பா, அடுப்பில் பால் இல்லை. அப்போது இங்கே மணி நாலரை, பால்காரர் ஆறு மணிக்குத்தான் வருவார். அது உனக்கும் தெரியும். அணைந்த அடுப்புக்கு முன்னால் விடிகிற வரை நின்றேன். திருப்பிக் கூப்பிட்டால் நீ முழுசாகச் சொல்லிவிடுவாயே என்று பயந்துதான் கூப்பிடவில்லை. அப்பாவிடம் இன்றைக்கு வரை நான் சொல்லவில்லை.

அவசரப்படாதே என்று மேலே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். அடிக்கலாமா என்று பார்த்தேன், அப்படியே இருக்கட்டும், நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியாதா. மாடி அறையில் அரிசி மூட்டை வைத்திருந்தோம், அதை எடுத்துக் கீழே போட்டாயிற்று. ஃபேனும் துடைத்தாயிற்று.

முகவரி அதே என்றால் அதே என்று எழுது, வேறு என்றால் வேறு. காரணம் எழுத வேண்டாம். உனக்கு மட்டும்தான் என்றால் மோர்மிளகாய் கால் கிலோ போதும், அதையும் சொல்லிவிடு.

அம்மா