மாலைக்கு முன் ஒரு கேள்வி

திருகோணமலை மாவட்டத்தின் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள், கடற்றொழிலாளர் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள், ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாக சபைகள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுத வேண்டியதை எங்களுக்கு ஏன் எழுதுகிறீர் என்று நீங்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகள் என்னிடம் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. வந்த பதில்களை வைப்பதற்கு ஒரு கடித உறையே போதும். ஆனால் அந்தச் சலிப்பினால் இம்மடலை உங்கள் பக்கம் திருப்பவில்லை. இந்த மாவட்டத்தில் ஓர் உறுப்பினரை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, பிரதம அதிதி என்று பெயர் சொல்லி, ஒலிவாங்கியைக் கையில் கொடுப்பவர்கள் நீங்கள்தாம். அவர் பேசி முடித்து வாகனத்தில் ஏறும் வரை சபையில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்காமல் பார்த்துக்கொள்பவர்களும் நீங்கள்தாம். நானும் ஒரு சங்கத்தின் செயலாளராக ஆறு ஆண்டுகள் இருந்து அதையே செய்தவன் என்பதால் இதை உரிமையோடு எழுதுகிறேன்.

முதலில் வாக்களிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்கெடுப்பு நிலையங்களில் கடமையாற்றியிருக்கிறேன். அதிகாலையில் வகுப்பறை மேசைகளை ஓரத்துக்குத் தள்ளி, அட்டை மறைப்புகளை நிறுத்தி, வெறும் பெட்டியைக் கட்சி முகவர்களுக்குக் காட்டி முத்திரையிட்டு, மாலையில் இடாப்பில் கோடு விழாத பெயர்களை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் வரும். ஏனெனில் அப்பெயர்களில் பாதி எனக்குத் தெரிந்த பெயர்கள், அவர்களில் பலர் அன்று ஊரில் இருந்தவர்கள். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் நூற்றுக்கு 79 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். எட்டு வாரங்கூட ஆகாத நிலையில், நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது அது நூற்றுக்கு 69 ஆகக் குறைந்துவிட்டது. அதே வேளையில், செப்டெம்பரில் சுமார் 3 இலட்சமாக இருந்த நிராகரிக்கப்பட்ட வாக்குகள் நவம்பரில் 6 இலட்சத்தையும் தாண்டின. எங்களுக்காகச் சட்டம் இயற்றப்போகிறவர்களைத் தெரிவு செய்யும் தேர்தலுக்குத்தான் குறைந்த அக்கறையும் கூடிய பிழையும் என்பது எனக்குச் சிறிய செய்தியாகத் தெரியவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு நான்கு ஆசனங்கள். திருகோணமலை, மூதூர், சேருவில ஆகிய மூன்று தொகுதிகளும் சேர்ந்தே அந்த நால்வரைத் தெரிவு செய்கின்றன. நான்கில் ஒன்று, மாவட்டத்தில் அதிக வாக்குகள் பெற்ற கட்சிக்கு முதலிலேயே போய்விடும். மீதி மூன்றைத்தான், செல்லுபடியான வாக்குகளில் குறைந்தது நூற்றுக்கு ஐந்து பெற்ற கட்சிகள் தங்களுக்குள் பங்கிட வேண்டும். இவ்வளவு சிறிய பங்கீட்டில் வீட்டில் தங்கிவிட்ட ஆயிரம் பேர் எவ்வளவு கனமானவர்கள் என்பதைக் கணக்குத் தெரிந்த எந்தக் கட்சிக்காரரும் சொல்வார். சொல்லவும் மாட்டார், அது வேறு விடயம்.

கட்சிக்குப் புள்ளடி இட்டதோடு பலர் சீட்டை மடித்துவிடுகிறார்கள். கீழே அந்தக் கட்சியின் ஏழு வேட்பாளர்களுக்குரிய இலக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்று வரை விருப்பு வாக்கு இடலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதை மேலே இடும் புள்ளடி தீர்மானிக்கிறது, அந்த ஆசனத்தில் யார் அமர்வது என்பதைக் கீழே இடும் புள்ளடிகள் தீர்மானிக்கின்றன. கீழே ஒன்றும் இடாமல் வந்தவர், ஆளைத் தெரிவு செய்யும் வேலையை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தவர். இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1977இல் திருகோணமலையிலிருந்து முதன்முதலாகப் பாராளுமன்றம் சென்ற இரா. சம்பந்தன் அவர்கள் 2024 ஜூன் 30ஆம் திகதி காலமானபோது, அந்த வெற்றிடத்துக்கு இடைத்தேர்தல் எதுவும் நடைபெறவில்லை. 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் விருப்பு வாக்கில் அவருக்கு அடுத்து நின்றவர் அடுத்த மாதமே உறுப்பினரானார். கொரோனாக் காலத்தில், வீட்டிலிருந்து கொண்டுபோன பேனாவால் 2020 ஆகஸ்ட் 5ஆம் திகதி நாங்கள் இட்ட புள்ளடி, நான்கு ஆண்டுகள் கழித்து ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்தது.

ஆகையால் உங்கள் சங்கங்கள் ஒவ்வொன்றும், கிராம உத்தியோகத்தர் வாக்காளர் இடாப்பைத் திருத்தும் காலத்தில், புதிதாகப் பதினெட்டு நிரம்பிய பிள்ளைகளின் பெயர்கள் சேர்ந்தனவா என்று வீடு வீடாகப் பார்க்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். இதில் உங்களுக்கு மறுப்பிருக்காது. தேர்தல் முடிந்த மறுநாள் தொடங்குவதில்தான் நாம் இடறுகிறோம்.

என் கதையையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகளின் இடமாற்றத்துக்காக அக்காலத்து உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்துக்குப் போனேன். பிளாஸ்டிக் கதிரைகளில் முப்பது பேரளவில் இருந்தோம். ஒருவருக்குத் தொழில், ஒருவருக்குக் காணி அனுமதிப்பத்திரம், ஒருவருக்குப் பாடசாலை அனுமதி. எல்லோர் மடியிலும் ஒரே மாதிரியான பொலித்தீன் உறை, உள்ளே அடையாள அட்டைப் பிரதி. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு என் முறை வந்தது. அவர் அன்பாகத்தான் பேசினார். ‘மேற்படி ஆசிரியை எனக்கு நன்கு தெரிந்தவர்’ என்று தொடங்கும் சிபாரிசுக் கடிதத்தில் கையொப்பம் வைத்துத் தந்தார். மகளை அவர் ஒருநாளும் கண்டதில்லை. இடமாற்றம் கிடைக்கவில்லை, அது போகட்டும். மூன்று மாதம் கழித்து எங்கள் ஊர்ப் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு அதே உறுப்பினர் வந்தார். மழைக்கு ஒழுகும் ஆரம்பப் பிரிவுக் கட்டடத்துக்கு அவர் வாக்குறுதி அளித்திருந்த கூரை என்ன ஆனது என்று கேட்பதற்கு அன்று எனக்கு வாய் வரவில்லை. கடிதம் வாங்கிய கை அல்லவா! முன்வரிசையில் இருந்த மற்றவர்களின் முகங்களைப் பார்த்தேன். அவர்களிலும் பலர் அந்தப் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தவர்களே.

உறுப்பினர் எங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்வது எளிது. நாம் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு சிறு உதவியை வாங்கிக்கொண்டு, எல்லோருமாகக் கேட்க வேண்டிய கேள்வியை விற்றுவிடுகிறோம் என்பதைச் சொல்வதுதான் கடினம். இறைமை மக்களுடையது, அதைப் பிறருக்குக் கைமாற்ற முடியாது என்று எங்கள் அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை சொல்கிறது. வாக்குரிமையையும் அந்த இறைமைக்குள்ளேதான் அது வைத்திருக்கிறது. ஆனால் இடையில் உறுப்பினரைத் திருப்பி அழைக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. ஐந்து ஆண்டுகள் என்றால் ஐந்து ஆண்டுகள்தாம். அந்த இடைவெளியில் எங்களிடம் இருப்பது கேள்வி ஒன்றே.

கேட்கப்படாத கேள்வியின் விலை என்ன என்பதைக் கிண்ணியாவில் உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், மாற்று வழியாக ஓடிய, எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்று அழைக்கும் இழுவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இறந்தவர்களில் இருந்தார்கள். அந்தப் பாதைக்கு அனுமதி கொடுத்தது யார், ஒரு தடவையில் எத்தனை பேர் ஏறலாம், உயிர்காப்பு அங்கிகள் இருந்தனவா, பாலத்தை எந்தத் திகதிக்குள் முடிப்பதாக ஒப்பந்தம் என்ற கேள்விகள் எல்லாம் அன்று பிற்பகலிலிருந்து பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் கேட்கப்பட்டன. அவற்றில் எதுவும் புதிய கேள்வி அல்ல. அடிக்கல் நாட்டிய நாளிலேயே, மாலை போட்டவர்களில் ஒருவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள். எந்த ஒரு மனிதர்மீதும் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அன்று அந்த மேடைக்கு நான் அழைக்கப்பட்டிருந்தாலும் கைதட்டிவிட்டுத்தான் வந்திருப்பேன்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதிலும் எங்களுக்குத் தெளிவில்லை. கோட்டைப் பக்கத்து மான்கள் பஸ் நிலையத்தடியில் பொலித்தீன் தின்பதைப் பாராளுமன்ற உறுப்பினரிடம் முறையிடுகிறோம். அரசியல் தீர்வு எப்போது என்று உள்ளூராட்சி சபை உறுப்பினரிடம் கேட்கிறோம். குப்பையும் வடிகாலும் தெருவிளக்கும் உள்ளூராட்சி சபையின் வேலை. சட்டம், வரவு செலவுத் திட்டம், அமைச்சர்களைக் கேள்வி கேட்பது ஆகியவை பாராளுமன்ற உறுப்பினரின் வேலை. இவற்றுக்கு நடுவில் கல்வி, சுகாதாரம், மாகாண வீதிகள் என்று பெரும் பகுதியைச் சுமக்கும் மாகாண சபையோ, எங்கள் நகரிலேயே அலுவலகங்களை வைத்துக்கொண்டு, தெரிவு செய்யப்பட்ட ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் இயங்குகிறது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடைபெற்றது 2012 செப்டெம்பரில். அச்சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றப்போய், எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் நிராகரித்ததோடு அந்த வேலை அப்படியே நின்றுவிட்டது. 2012இல் பதினெட்டு வயது நிரம்பாதிருந்த எவரும் இம்மடலை எழுதும் நாள்வரை மாகாண சபைக்கு ஒரு வாக்கும் இட்டதில்லை. வாக்களிப்பது கடமை என்று அவர்களுக்கு வகுப்பெடுக்கும் நாம், அந்தக் கடமையைச் செய்ய ஒரு பெட்டி வையுங்கள் என்று எங்கள் நான்கு உறுப்பினர்களிடமும் எழுத்தில் கேட்டிருக்கிறோமா?

உள்ளூராட்சித் தேர்தலிலும் இதேதான் நடந்தது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடைபெறவிருந்த அத்தேர்தல் பணம் இல்லை என்ற காரணத்தால் தள்ளிப்போனது. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடைபெற்றது. வழக்குப் போட்டவர்கள் போட்டார்கள். எங்கள் சங்கத்தின் அக்காலத்துக் கூட்டப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அது பற்றி ஒரு வரியும் இல்லை.

கேட்பதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்திலோ வீதி அபிவிருத்தி அதிகார சபையிலோ உள்ள தகவல் அலுவலரிடம், ஒரு வேலைத்திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை என்ன, ஒப்பந்தம் யாருக்கு, முடிக்க வேண்டிய திகதி எது என்று கேட்கலாம். ஏன் கேட்கிறீர் என்று அவர் வினவ முடியாது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. உங்களுக்கு மிகவும் வேண்டிய விடயம் இதுதான்: உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரஜைகளாக இருந்தால், ஒரு சங்கம் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். தனி ஒருவர் தன் பெயரில் விண்ணப்பித்துப் பகை தேடிக்கொள்ள வேண்டியதில்லை.

பாராளுமன்றத்தில் பேசப்படுவது அனைத்தும் ஹன்சாட் அறிக்கையில் வெளியாகிறது. உறுப்பினர் தமிழில் பேசினால் தமிழிலேயே அச்சாகும். பாராளுமன்ற இணையத்தளத்தில் அதை எவரும் பார்க்கலாம். ஊரில் கைத்தொலைபேசி இல்லாத இளைஞன் இல்லை. அவர்களில் ஒருவரிடம் பொறுப்புக் கொடுத்து, எங்கள் மாவட்டத்தைப் பற்றி அந்த மாதம் யார் என்ன கேட்டார் என்பதை மாதாந்தக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் வாசிக்கச் செய்தால், நல்ல உறுப்பினருக்கு அதுவே பெரிய மாலையாகும். வேலை செய்கிறவர்களையும் நாம் கவனிப்பதில்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அழகான அபிவிருத்திப் பெயர்ப்பலகை வைத்தவரையே நினைவில் வைத்திருக்கிறோம்.

உறுப்பினர்களை அழைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழையுங்கள், மரியாதை செய்யுங்கள். அது எங்கள் பண்பு. ஆனால் அழைப்பிதழோடு மூன்று கேள்விகளை எழுத்தில் இணைத்து அனுப்புங்கள். அவர் பேசும்போது அவற்றுக்குப் பதில் சொல்லட்டும்; சொன்னதைச் செயலாளர் திகதியிட்டுக் கூட்டப் பதிவேட்டில் எழுதட்டும்; அடுத்த முறை அவர் வரும்போது அந்தப் பக்கம் முதலில் வாசிக்கப்படட்டும். சிபாரிசுக் கடிதம் கேட்டு எவரும் அன்று மேடைக்குப் பின்னால் நிற்க வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இதில் கட்சி இல்லை, இனமில்லை. கிண்ணியாவில் உள்ள பள்ளிவாசலும், சம்பூரில் உள்ள மாதர் சங்கமும், கந்தளாயில் உள்ள கமக்காரரும் ஒரே நாளில் ஒரே கேள்வியை அந்த நால்வரிடமும் கேட்டால், அது யாருக்கு எதிரான கேள்வி என்று எவராலும் திரிக்க முடியாது.

எங்கள் சங்கம் தொடங்கிவிட்டது. இந்த மாதக் கூட்டத்தில் நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றை வாங்கி, நடுவில் கோடு கீறி, இடப்பக்கம் ‘கேள்வி’, வலப்பக்கம் ‘பதில்’ என்று எழுதினோம். முதலாவதாகப் பதியப்பட்டது மாகாண சபைத் தேர்தல் பற்றியது. இரண்டாவது எங்கள் ஊர் ஆரம்பப் பிரிவின் கூரை. அந்தக் கூரையைப் பதியச் சொன்னவன் நான்தான், கைநடுக்கத்தோடு எழுதியவனும் நான்தான். நால்வருக்கும் பிரதிகள் பதிவுத் தபாலில் போயிருக்கின்றன. உங்கள் கொப்பியில் எழுதியவற்றை எங்களுக்கும் அறியத் தாருங்கள். ஒரே கேள்வியாக இருந்தால் சேர்ந்தே அனுப்புவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.