சோப்புக் காசுக்குப் பாடம் சொன்ன தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

இதை ஆங்கிலத்தில் உனக்குத் தனியாக அனுப்புகிறேன். இங்கே தமிழில் எழுதுவது, கானாவில் இருக்கும் உன்னை எங்கள் ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

நீங்கள் மூன்று பேர் ஆசிரியர் பட்டம் வாங்கியதற்கு ஊர் கூடி வாழ்த்திய வீடியோவை அனுப்பியிருந்தாயே, அதை நேற்று ராத்திரி மூன்று தடவை பார்த்தேன். இரண்டாவது தடவை அம்மாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். லுங்கா அடிப்பவர் மேளத்தைக் கக்கத்தில் இடுக்கி, வாரை அழுத்தி அழுத்திச் சத்தத்தை ஏற்றி இறக்கியதைக் கேட்டதும், "நம்ம உடுக்கை மாதிரியே பேசுதே" என்றார். பேசத்தான் செய்கிறது என்றேன். உங்கள் டகோம்பா இனத்து ஊர்களில் வம்ச வரலாற்றைச் சொல்பவரே அவர்தான் என்று நீதானே எனக்குச் சொன்னாய். பட்டம் வாங்கிய உங்கள் மூன்று பேருக்கும் பாட்டன் பூட்டன் பெயர் சொல்லி வாசித்திருக்கிறார். ஊர்த்தலைவர் தோல்விரிப்பில் உட்கார்ந்தபடி கோலாக் கொட்டை கொடுத்தார். உனக்கு யாரோ ஒரு கினிக்கோழியைக் காலைக் கட்டிக் கையில் திணித்தார்கள். அங்கியோடு அதைப் பிடித்துக்கொண்டு நீ நின்ற நிற்பு!

நாம் முதலில் சந்தித்தது நினைவிருக்கிறதா? வடக்கு கானாவின் தமாலே நகரில் அடிபம்பு மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்தேன். உங்கள் ஊர்ப் பம்பு இந்தியா மார்க் 2. கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்த்து, சென்னைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிய மாடல். அதை அங்கே பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. வாஷர் மாற்றி நிமிர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மரத்தடியில் 25 பிள்ளைகள், சாய்த்து வைத்த ஒரு கரும்பலகை, நீ.

படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ அங்கே பாடம் சொன்னது ஸ்கூல் ஃபார் லைஃப் என்ற திட்டத்தில். அது 1995இல் வடக்கு கானாவில் தொடங்கியது. பள்ளிக்கூடம் பக்கமே போகாத, 8 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒன்பது மாதம் தாய்மொழியில் எழுத்தும் கணக்கும். காலையில் காட்டு வேலையும் வீட்டு வேலையும் இருக்கும் என்பதால் வகுப்பு மத்தியானத்துக்கு மேல். முடித்த பிள்ளை நேரே அரசுத் தொடக்கப் பள்ளியின் நடு வகுப்பில் போய் உட்காரலாம். சொல்லித்தருவது வெளியூர் வாத்தியார் இல்லை, ஊரே கூடித் தேர்ந்தெடுத்த உள்ளூர் ஆள். அவருக்குச் சம்பளம் கிடையாது. சோப்புக் காசு என்று ஏதோ கொடுப்பார்கள். துணி துவைக்கக் காணும்.

அன்றைக்கே அது எனக்கு உறுத்தியது. இன்றும் உறுத்துகிறது. தன்னார்வலர் என்ற சொல்லை நாம் ரொம்ப லேசாகச் சொல்லிவிடுகிறோம். வசதியுள்ளவர் மிஞ்சிய நேரத்தைக் கொடுப்பதும், அடுத்த வேளை மாவுக்கு யோசித்துக்கொண்டே நீ வகுப்பெடுத்ததும் ஒன்றில்லை. அந்தச் சோப்புக் காசும் வராத மாதங்கள் இருந்தன. அப்போதெல்லாம் உன் வேர்க்கடலைக் காட்டில் களையெடுத்துக் கொடுத்தது பிள்ளைகளின் அம்மாக்கள். அந்தக் கடலை விற்ற காசில்தான் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாய். 2018க்குப் பிறகு அங்கே ஆசிரியர் கல்லூரிகளில் நான்கு வருடப் பட்டப்படிப்பு. அந்த நான்கு வருடமும் விடுமுறை விட்டால் நீங்கள் மூவரும் அந்த மரத்தடிக்கே திரும்பினீர்கள்.

அதனால்தான், பட்டத்தைவிட அதற்கடுத்து வரப்போவது எனக்குச் சந்தோஷம். ஒரு வருடத் தேசிய சேவை, உரிமத் தேர்வு எல்லாம் முடிந்து பணியில் சேர்ந்தால் உன் கைக்கு வருவதற்குப் பெயர் சம்பளம். அதை வாங்கக் கூச்சப்படாதே. எந்த ஊரில் போடுவார்களோ, இவர்களை விட்டுப் போகிறேனே என்று குரல் செய்தியில் அழுதாய். களையெடுத்தவர்களுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் உன்னை அனுப்பினார்கள்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. நீலச் சட்டை, இப்போது ஆறாவது படிக்கிறான் என்றாயே. உங்கள் தாய்மொழியான டக்பானியில் தானே எழுதிய வாழ்த்தைத் தாளைப் பார்த்து வாசித்தான். நடுவில் ஒரு சொல்லில் தடுக்கியது. நீ வாயைத் திறக்கவில்லை, அவனே எழுத்துக் கூட்டிச் சொல்லும்வரை நின்றாய். ஊரே நின்றது. மூன்றாவது தடவை நான் வீடியோவைப் போட்டது அந்த இடத்துக்காகத்தான்.

வீடியோ முடிகிற நேரத்தில் யாரோ கரும்பலகையை வீட்டுக்குள் தூக்கிப் போகிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் யார் வகுப்பெடுக்கப் போகிறார்கள்? ஊர் தேர்ந்தெடுத்துவிட்டதா? அவருக்குச் சோப்புக் காசு ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்து எழுது. பம்பின் கைப்பிடி ஆட்டம் கொடுக்கிறது என்று போன மாதம் சொன்னாய். ஆடும்போது ஒரு வீடியோ எடுத்து அனுப்பு, போல்ட்டா பேரிங்கா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்