சிலம்பம் யார் பெயரில்?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. சின்னவள் காலேஜில் சேர்ந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தினமும் பிள்ளைகளோடு நீயும் தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் கம்பு பிடித்தவன் பக்கத்துத் தெருவில் போர்டு மாட்டி சர்டிபிகேட் கொடுக்கிறான், சிலம்பம் என்ற பெயரையே உன் பேரில் டிரேட்மார்க் எடுத்துவிட்டால் என்ன என்று எழுதியிருக்கிறாய். உன் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பெயரைத் தொடாதே.

கிரேசி குடும்பத்தின் கதை உனக்குத் தெரியுமா? பிரேசிலில் மயேதா என்ற ஜப்பானியரிடமிருந்து வந்த ஜியு-ஜிட்சு என்ற மல்லுக்கட்டும் கலையை, அந்தக் குடும்பத்து கார்லோஸும் தம்பி ஹீலியோவும் வளர்த்தார்கள். கார்லோஸின் மகன் கார்லி எழுபதுகளிலேயே அமெரிக்கா போய்ச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். ஹீலியோவின் மூத்த மகன் ரோரியன் அப்புறம் போனவர். 'கிரேசி ஜியு-ஜிட்சு' என்ற பெயரை அங்கே பதிவு செய்துகொண்டவர் அவர்தான். சொந்தக் குடும்பப் பெயரைப் போட்டுக் கலையைச் சொல்லிக்கொடுக்க வழியில்லாத நிலை மற்றவர்களுக்கு. 1994-இல் கார்லி கோர்ட்டுக்குப் போனார். 1997-இல் ஜூரி, அந்தப் பெயரில் ரோரியனுக்கு டிரேட்மார்க் உரிமை இல்லை என்றது. 2000-இல் அப்பீல் கோர்ட்டும் அதையே சொல்லிப் பதிவை ரத்து செய்ய வைத்தது. ஆனால் முக்கோணத்துக்குள் இரண்டு பேர் மல்லுக்கட்டும் ரோரியனின் லோகோ நின்றது. அதைப் பயன்படுத்தியதற்காகக் கார்லி 1,08,000 டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்திருந்தது. பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் இப்படி வருஷக்கணக்கில் கோர்ட்டில் நின்றதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

கலையின் பெயரையே டிரேட்மார்க்காக வைத்திருப்பவர்களும் உண்டு. ஜப்பானில் ஷோரின்ஜி கெம்போ என்ற தற்காப்புக் கலை அப்படித்தான். ஆனால் அது 1947-இல் தோஷின் ஸோ என்ற ஒருவர் தொடங்கி, ஒரே அமைப்பின் கீழ் வளர்ந்தது. சிலம்பத்தை யார் தொடங்கினார் என்று சொல்வாய்? ஊருக்கு ஒரு வாத்தியார், வாத்தியாருக்கு ஒரு சுவடு, அதாவது காலடி வைக்கும் முறை.

நம் சட்டமும் இதற்கு இடம் கொடுக்காது. 1999-ஆம் வருஷத்து டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, எல்லோரும் பொதுவாகப் புழங்கும் சொல்லை ஒருவர் தனக்கென்று பதிவு செய்வதைத் தடுக்கிறது. தவறிப் பதிவானாலும் பின்னால் எதிர்த்து நீக்க வழி இருக்கிறது. புவிசார் குறியீடு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அது பொருளுக்குத்தான், கலைக்கு இல்லை.

நீ செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உன் சிலம்பக் கூடத்தின் முழுப் பெயரையும், உன் அப்பா வரைந்து கொடுத்த அந்தக் குறுக்குக் கம்பு லோகோவையும் டிரேட்மார்க் பட்டியலில் பயிற்சி தருவதற்கென்று உள்ள 41-ஆம் வகுப்பில் பதிவு செய். தனி ஆளுக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய், பத்து வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம். பிறகு உன் கூடத்தின் பெயரில் யாராவது சர்டிபிகேட் அடித்தால் தாராளமாக நோட்டீஸ் அனுப்பு. அந்தப் பக்கத்துத் தெருக்காரன் தன் சொந்தப் பெயரில் சிலம்பம் சொல்லிக்கொடுத்தால் விட்டுவிடு. அவனிடம் மூன்று மாதம் கற்ற பிள்ளை நன்றாகக் கற்க ஆசைப்பட்டால் உன்னைத் தேடி வரும்.

நம் வாத்தியார் நம்மைச் சேர்த்துக்கொண்ட நாளில் வெற்றிலை பாக்கும் ஒன்றே கால் ரூபாயும்தான் வாங்கினார். யாரிடம் கற்றேன் என்று தன் குருவின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் கம்பைக் கையில் கொடுத்தார். அந்தப் பெயர் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு மறந்துபோனது வருத்தமாக இருக்கிறது. அடுத்த கடிதத்தில் எழுது.

பொங்கலுக்கு வருகிறேன். லோகோவின் பழைய காகிதத்தைப் பத்திரமாக எடுத்து வை, விண்ணப்பத்தை உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.

அன்புடன்,
சேகர்