நம் வீட்டு ரெனோ பிரான்ஸில் பிறந்ததில்லை

கார்க், மார்ச் 3

அன்புள்ள சின்னவனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பாவும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். லியோனில் ஒருவர் பழைய ரெனோ 4 ஒன்றைப் புதுப்பித்து விற்கிறார், நம் வீட்டுக் கார் மாதிரியே இருக்கிறது, வாங்கிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். விலையைப் படித்ததும் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் வண்டியைப் பழைய இரும்புக்காரர் இழுத்துக்கொண்டு போனபோது, அதற்கு நாங்கள்தான் அவருக்குக் காசு கொடுத்தோம்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ பார்த்தது பிரெஞ்சுக்காரர்கள் செய்த பிரெஞ்சுக் கார். நம்முடையது இங்கே அயர்லாந்தில், வெக்ஸ்ஃபோர்டில், பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது. ஸ்டியரிங் இடமா வலமா என்பதோடு அந்த வித்தியாசம் முடிந்துவிடாது.

அயர்லாந்தில் கார் செய்தார்கள் என்று சொன்னால் உன் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1930களிலிருந்து முழுக் காராக இறக்குமதி செய்தால் இங்கே வரி மிகக் கடுமை. பாகங்களாகப் பெட்டியில் கொண்டுவந்து, உள்ளூர் ஆட்களைக் கொண்டு பூட்டினால் வரி குறைவு. அவ்வளவுதான் சூத்திரம். ஜெர்மனிக்கு வெளியே முதன்முதலாகப் பூட்டிய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1950இல் டப்ளின் ஷெல்போர்ன் சாலையில், பழைய டிராம் பணிமனையில் உருவானது. மோரிஸ் மைனர் போர்ட்டோபெல்லோவில் கால்வாய்க்குப் பக்கத்தில் தயாரானது. முன்பக்கம் முழுவதுமே கதவாகத் திறக்கும் ஹைங்கல் குமிழிக் காரைக்கூட டண்டால்க்கில் கொஞ்ச காலம் செய்து பார்த்தார்கள். மொனாகன் மாவட்டத்துக் கேசில்பிளேனியில் அமெரிக்காவுக்கே விற்கும் ஆசையோடு ஷாம்ராக் என்று சொந்தமாக ஒரு காரைத் தொடங்கினார்கள். படகு நீளம். பின்சக்கரத்தை உடல் மூடிக்கொண்டிருக்கும். பஞ்சரானால் அச்சையே இறக்கினால்தான் டயரைக் கழற்ற முடியும். பத்துப் பன்னிரண்டு வண்டிகள்கூடத் தேறவில்லை என்பதில் வியப்பில்லை.

தாத்தா இங்கே வந்திருந்தபோது, இந்த ஊர் மனிதர்கள் இவ்வளவு கார்களைச் செய்கிறார்களா என்று கேட்டார். பெட்டிக் கதையை அப்பா விளக்கத் தொடங்கியதும் தாத்தா இடைமறித்துவிட்டார். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 காரைச் சேர்த்த கதை அவருக்குத் தெரியும். "நம் ஊர்க் கணக்குத்தான்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

நாங்கள் 1975இல் கார்க்குக்கு வந்தபோது இது ஃபோர்டின் ஊர். ஹென்றி ஃபோர்டின் தந்தை வில்லியம், இந்த மாவட்டத்துப் பாலினஸ்கார்த்தியிலிருந்து 1847இல், பஞ்ச காலத்தில், கப்பலேறியவர். மகன் பணக்காரனான பிறகு 1917இல் லீ ஆற்றங்கரையில், மரினாவில், தொழிற்சாலை நிறுவினான். 1919இல் முதல் டிராக்டர் வெளியே வந்தது, பிறகு கார்கள். எங்கள் தெருவில் நின்றவையெல்லாம் எஸ்கார்ட், கோர்ட்டினா, மறுபடியும் எஸ்கார்ட். ஒரு வீட்டில் தகப்பன் ஃபோர்டில், மாமன் பக்கத்து டன்லப் டயர் ஆலையில், தம்பி இங்கே வேலை கிடைக்காமல் இங்கிலாந்தில் டாகனம் ஃபோர்டு ஆலையில் என்று இருப்பார்கள். டாகனத்துக்காரர்கள் கோடை விடுமுறைக்கு நல்ல சூட்டு அணிந்து வந்து கையை விரித்துச் செலவழிப்பார்கள். ஊர் அவர்களுக்கு 'டாகனம் யாங்குகள்', அதாவது டாகனத்து அமெரிக்கர்கள், என்று பட்டம் வைத்திருந்தது.

பாகங்கள் வந்த மரப்பெட்டிகளைக்கூட இந்த ஊர் வீணாக்கவில்லை. கோழிக்கூடு, தோட்டத்துக் கொட்டகை, கடற்கரையில் கோடைக்குத் தங்கும் குடில் எல்லாம் ஃபோர்டு பெட்டிப் பலகையில் எழுந்தன. எங்கள் பக்கத்து வீட்டுக் கொட்டகையின் உட்சுவரில் பெட்டியின் எழுத்துகள் பாதி அழிந்து தலைகீழாகத் தெரியும். நீயும் அக்காவும் தலையைச் சாய்த்து அதைப் படிக்க முயன்றது உனக்கு நினைவிருக்கலாம். அந்தக் கொட்டகை இன்னும் நிற்கிறது. அதில் இப்போது மின்சாரப் புல்வெட்டி இருக்கிறது.

அப்படிப்பட்ட ஊரில் உன் அப்பா ஒரு ரெனோவை வாங்கினார். இரண்டாம் கை, வெளிர் நீலம். மருத்துவமனையில் உடன் வேலை செய்தவர்கள் முகத்தில் ஒரு தயக்கம். ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் ஒருவர், அவருடைய அண்ணன் ஃபோர்டில் வேலை பார்த்தார், "டாக்டர், அதைப் பின்வாசல் பக்கமாக நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று அறிவுரையே சொன்னார். பாதி கேலி, பாதி உண்மை. வெக்ஸ்ஃபோர்டுக்காரர்களுக்கும் வயிறு இருக்கிறதே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. கார்க் மாவட்ட எல்லையைத் தாண்டினால் எல்லாம் வெளிநாடுதான் அவர்களுக்கு.

நான் அந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கியர் தண்டு தரையில் இல்லை. டாஷ்போர்டின் நடுவிலிருந்து குடைப்பிடி போல நீட்டிக்கொண்டிருக்கும். இழுக்க வேண்டும், தள்ள வேண்டும், திருப்ப வேண்டும். சன்னல் கண்ணாடி இறங்காது, பக்கவாட்டில் நகரும். இருக்கை என்பது இரும்புக் குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி. இன்னொரு வேடிக்கை உனக்குத் தெரியாது. அந்தக் காரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் கொஞ்சம் கூடுதல். பின்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்ததால் வந்த வினை. முதலில் இதைச் சொன்ன மெக்கானிக்கை நான் நம்பவில்லை. அவர் அளவுநாடாவை நீட்டிக் காட்டினார்.

ஈரம் பட்ட காலையில் அது கிளம்பாது. பெட்ரோல் வாசனை வந்துவிட்டால் சோக்கைத் தொடக்கூடாது, காத்திருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் உட்புறத்தை ஒற்றி எடுத்து மாட்டினால் பெரும்பாலும் உயிர் வரும். கார்க்கில் ஈரம் படாத காலை எது? ஆகவே அந்தத் துணி எப்போதும் கையுறைப் பெட்டியில் இருக்கும். இரவு அழைப்பு வரும் வாரங்களில் அப்பா வண்டியைச் சரிவில், மூக்கு கீழ்நோக்கி நிறுத்திவைப்பார். விடியற்காலை மூன்று மணிக்கு அது உருண்டு இரண்டாவது கியரில் உறுமிப் பிடிக்கும் சத்தம் கேட்டால் நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அந்தத் தெருவே அப்படித்தான், யார் வண்டி கிளம்புகிறது என்று படுக்கையில் இருந்தபடியே சொல்லும். பாதிரியாரின் பீட்டில் வந்தால் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

எனக்கு உரிமம் வந்த கதையும் உண்டு. ஓட்டுநர் தேர்வுக்கு வரிசை மலைபோல் குவிந்துவிட்டது. 1979இல் அரசு ஒரு வழி கண்டுபிடித்தது: இரண்டாவது தற்காலிக உரிமத்தில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் தேர்வே இல்லாமல் முழு உரிமம் கொடுத்துவிட்டது. வரிசை குறைந்தது, தேசத்தின் சாலைகளில் நானும் சேர்ந்தேன். உன் அப்பா மட்டும் முறையாகத் தேர்வெழுதித் தேறியவர். அந்தப் பெருமையை இன்றும் என்னிடம் விடவில்லை. 1977 தேர்தலில் கார் வரியை ஒழிக்கிறோம் என்று ஃபியனா ஃபாயில் கட்சி வாக்குக் கொடுத்தது, பெரும் வெற்றி பெற்றது, வரியையும் ஒழித்தது. வரி சில ஆண்டுகளில் வேறு வழியாகத் திரும்பி வந்துசேர்ந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று எண்ணிவிடாதே. பழைய கார்களைப் பற்றி உருகுகிறவர்கள் துருவை மறந்துவிடுகிறார்கள். நம் வண்டியின் தரையில் பாயைத் தூக்கினால் சாலை ஓடுவது தெரியும். நீ அதில் திராட்சைகளைப் போட்டு எண்ணிக்கொண்டு வருவாய். பின் இருக்கையில் பெல்ட் என்ற பேச்சே கிடையாது. முன் இருக்கைக்கே 1979இல்தான் கட்டாயமாக்கினார்கள். 1972இல் இந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் 640 பேர் இறந்தார்கள். இன்று கார்கள் பல மடங்கு கூடியும் ஆண்டுக்கு இருநூறைச் சுற்றித்தான். நான் மயக்க மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தவள். சனிக்கிழமை இரவுகளில் அந்தக் கார்களிலிருந்து யார் யாரை எடுத்து வந்தார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். கோர்ட்டினாவின் ஸ்டியரிங் தண்டைப் பற்றி எனக்கு எந்தக் கனவும் இல்லை.

ஆனாலும் ஒன்றை நான் இழந்ததாகத்தான் நினைக்கிறேன். அது நம்பர் பிளேட்.

1986 வரை பிளேட்டில் இருந்த எழுத்து ஊரைச் சொல்லும். இசட்.எஃப். என்றால் கார்க் நகரம், இசட்.டி. என்றால் கார்க் மாவட்டம், ஐ.என். என்றால் கெர்ரி, ஐ.எம். என்றால் கால்வே. டப்ளினுக்குப் போகும் வழியில் ஃபெர்மாய், மிட்செல்ஸ்டவுன், காஹிர், கேஷல், அர்லிங்ஃபோர்டு, டரோ, அபிலீக்ஸ் என்று ஒவ்வொரு ஊரின் கடைவீதியையும் ஊர்ந்து கடந்தாக வேண்டும். முதல் மோட்டார்வேயே 1983இல்தான் வந்தது, அதுவும் நேஸ் ஊரைச் சுற்றிப் போகும் ஒரு துண்டு. காலையில் கிளம்பினால் மதியம் கடந்துவிடும். அக்கா எழுத்துகளைப் பார்த்து மாவட்டம் சொல்வாள், நீ தப்பாகச் சொல்லிவிட்டு அழுவாய். வண்டி எத்தனை வயது என்று யாரும் கேட்கமாட்டார்கள். எங்கிருந்து வருகிறது என்பதுதான் பேச்சு.

1987 தொடக்கத்திலிருந்து பிளேட்டின் முதலிலேயே ஆண்டைப் போட்டார்கள். 87, கோடு, மாவட்டம், எண். அரசு என்ன நினைத்துச் செய்ததோ, அன்றிலிருந்து தெருவில் ஒவ்வொருவருடைய பணப்பையும் வாசலில் தொங்கத் தொடங்கிவிட்டது. சனவரி வந்தால் புதுக் கார் வாங்க அடிதடி. டிசம்பரில் வாங்குகிறவன் முட்டாள். பத்து ஆண்டு பழைய காரைக் கொடுத்துப் புதியது வாங்கினால் ஆயிரம் பவுண்டு தருகிறோம் என்று 1995இல் அரசு அறிவித்ததும் எத்தனையோ ஸ்டார்லெட், கடெட் வண்டிகள் நசுக்கப்பட்டுப்போயின. மிச்சத்தை 2000இல் வந்த என்.சி.டி. என்ற கட்டாயக் கார்த் தகுதிச் சோதனை முடித்துவைத்தது. 2013 வந்தபோது பிளேட்டில் 13 என்று இருந்தால் எவன் வாங்குவான் என்று விற்பனையாளர்களுக்குப் பயம். அதற்காகவும்தான் ஆண்டை இரண்டாக வெட்டி 131, 132 என்று போட்டார்கள். படித்தவர்கள் நிறைந்த நாடு.

பூட்டும் ஆலைகளின் கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1973இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபோதே வரிச்சுவருக்குக் கெடு குறித்தாகிவிட்டது. 1983இல் டன்லப் மூடியது. 1984 ஜூலை 13, வெள்ளிக்கிழமை, ஃபோர்டு மூடியது. சுமார் 800 பேர் வேலை இழந்தார்கள். கடைசியாக வெளியே வந்த கார் ஒரு சியரா. அதே ஆண்டில் வெரோல்மே கப்பல் தளமும் போயிற்று. அந்த ஆண்டுதான் வெக்ஸ்ஃபோர்டில் ரெனோவும் நின்றது. பின்வாசலில் நிறுத்தச் சொன்ன உதவியாளரின் அண்ணன் தன் கோர்ட்டினாவை அதற்குப் பிறகு பதினோரு ஆண்டு ஓட்டினார். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் "இந்தக் கீலை நான் மாட்டியிருக்கலாம்" என்பார். மாட்டியிருக்கலாம்தான். நம் நீல வண்டியைப் பற்றியும் வெக்ஸ்ஃபோர்டில் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள். அதைத்தான் லியோன்காரரால் உனக்கு விற்க முடியாது.

அதற்காக வாங்காதே என்று சொல்லவில்லை. வாங்கினால் ஓட்டு. மழையில் எடு, பிள்ளைகளைச் சேற்றுக் காலோடு ஏற்று. துணி போட்டு மூடிவைத்து ஞாயிறு தோறும் துடைக்கப்போகிறாய் என்றால் அந்தப் பணத்தில் வீட்டுக் கூரையைச் சரிசெய். அப்பாவின் கருத்து வேறு: புதிதாக வந்திருக்கும் மின்சார ரெனோ 4 வாங்கச் சொல்கிறார். அதில் குடைப்பிடி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பார்க்கப் போகும்போது விற்கிறவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. பாயைத் தூக்கு. கதவுக்குக் கீழே உள்ள விளிம்பையும் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள சட்டத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார். புது பெயின்ட் அங்கேதான் பொய் சொல்லும். வண்டியைக் கிளப்பச் சொல்வதற்கு முன் பானெட்டில் கை வை. சூடாக இருந்தால் அவர் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார். நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடு. குளிர்ந்த வண்டியைத்தான் கிளப்பிப் பார்க்க வேண்டும்.

ஈஸ்டருக்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்று அக்கா கேட்கிறாள். அரிசி வாங்க வேண்டும், இந்த வாரத்துக்குள் சொல்.

அம்மா