பிரேக் ஹோஸ் கிரிம்ப்பில் ஆயில் கசிவு: பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
ரசீதில் பெயரும் முகவரியும் உள்ள வாடிக்கையாளர், நாமக்கல்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர், பிரேக் ஹோஸ் விற்பனைப் பிரிவு.

பொருள்: அளவு கொடுத்துச் செய்து வாங்கிய ஸ்டீல் பின்னல் பிரேக் ஹோஸில் கசிவு, ரிட்டர்ன் மறுக்கப்பட்டது.

ஐயா,

வணக்கம். என்னுடைய 2001 மாடல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட் வண்டியின் முன் டிஸ்க் பிரேக்குக்கு உங்கள் இணையதளம் வழியாக ஒரு ஸ்டீல் பின்னல் ஹோஸ் ஆர்டர் செய்தேன். அதில் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பக்கத்துக் கிரிம்ப்பிலிருந்து, அதாவது ஹோஸின் முனையை நசுக்கிப் பிடிக்கும் உலோக வளையத்திலிருந்து, பிரேக் ஆயில் கசிகிறது. போனில் சொல்லியாகிவிட்டது, வாட்ஸப்பில் படமும் அனுப்பியாகிவிட்டது. "கஸ்டம் ஐட்டம் சார், ரிட்டர்ன் கிடையாது" என்பதைத் தாண்டி உங்கள் ஆட்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இருபது வருடம் தாண்டிய வண்டிக்கு எதற்கு இந்த வேலை என்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். சொல்கிறேன். ரப்பர் ஹோஸுக்கு ஆயுள் உண்டு. வெளியே வெடிப்பு தெரிவதற்கு முன்பே உள்ளே தளர்ந்துவிடும். லீவரைப் பிடிக்கும்போது அழுத்தத்தில் ஒரு பங்கு காலிப்பருக்குப் போகாமல் ஹோஸை ஊத வைப்பதிலேயே போகும். சிபிஇசட் 1999-இல் வந்த வண்டி, உற்பத்தி நின்று பல காலம் ஆகிறது. கடையில் கிடைக்கும் பழைய ஸ்டாக் ஹோஸ் எத்தனை வருடமாக அட்டைப்பெட்டியில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. போதாததற்கு முதுகுவலிக்காக உயரமான ஹேண்டில்பார் மாற்றியிருக்கிறேன், பழைய நீளம் எட்டாது. உள்ளே டெஃப்லான் குழாய், மேலே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னல், அதற்கும் மேலே பிவிசி உறை என்று அளவு கொடுத்துச் செய்து வாங்கினால் இந்த எல்லாப் பிரச்சினையும் தீரும் என்றுதான் உங்களிடம் வந்தேன்.

அளவு விஷயத்தில் உங்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. படிவத்தில் வெறுமனே "நீளம்" என்று இருந்தது. எங்கிருந்து எங்கே என்று போன் செய்து கேட்டேன். ஒரு பான்ஜோ (ஹோஸின் முனையில் போல்ட் நுழையும் வளையம்) துளையின் நடுவிலிருந்து மறு பான்ஜோ துளையின் நடுவுக்கு என்று தெளிவாகச் சொன்னார்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன் சக்கரம் அந்தரத்தில் தொங்கி ஃபோர்க் முழுக்க இறங்கிய நிலையில், ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்த்து அளவு எடுத்தேன். மேல் பான்ஜோவின் கோணம், கீழ் பான்ஜோவின் கோணம், ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் திரும்பி நிற்க வேண்டும் என்பதைப் படம் வரைந்தே அனுப்பினேன். ஹோஸ் அப்படியே வந்தது. முறுக்கில்லாமல் உட்கார்ந்தது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன்.

ஆனால் கூட வந்த பான்ஜோ போல்ட்டுகள் இந்த வண்டிக்கானவை அல்ல. சிபிஇசட்டின் மாஸ்டர் சிலிண்டரிலும் (லீவர் பக்கம் ஆயிலை அழுத்தும் பாகம்) காலிப்பரிலும் இருப்பது எம்10, 1.25 மரை, அதாவது 10 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர் இடைவெளி. ஜப்பானிய பிரேக்குகளில் பெரும்பாலும் இதுதான். நீங்கள் அனுப்பியவை எம்10, 1.0 மரை, ஐரோப்பிய பிரேக்குகளில் வருவது. வண்டியின் பெயரும் மாடலும் ஆர்டரிலேயே இருக்கின்றன. இந்தத் தவறில் ஒரு கெட்ட குணம் உண்டு: போல்ட் முதல் ஒன்றிரண்டு சுற்று சரியாகப் போவது போலவே போகும், அப்புறம் இறுகும். "என்ன, டைட்டா இருக்கே" என்று ஸ்பேனரைப் போட்டால் அலுமினிய மாஸ்டர் சிலிண்டரின் மரை போய்விடும். எங்கள் மெக்கானிக் கையாலேயே திருகிப் பார்ப்பவர் என்பதால் தப்பித்தோம். சரியான போல்ட்டுகளைப் பிறகு அனுப்பினீர்கள், சரி. ஆனால் தவறான போல்ட் போனது ஏன் என்று இதுவரை விளக்கம் இல்லை.

இனி முக்கியமான விஷயம். இரண்டு முனையிலும் புதுச் செம்பு வாஷர்கள், பான்ஜோவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. போல்ட்டுகளை டார்க் ரெஞ்சு வைத்து 34 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினோம். புது டாட் 4 வகை பிரேக் ஆயில் ஊற்றி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தோம். லீவர் கல் போல நின்றது. வண்டியை ரோட்டில் எடுப்பதற்கு முன், லீவரை டியூப் ரப்பரால் ஹேண்டிலோடு இழுத்துக் கட்டி ராத்திரி முழுக்க அழுத்தத்திலேயே விட்டோம். புது ஹோஸ் போட்டால் எங்கள் மெக்கானிக் எப்போதும் செய்வது இது. காலையில் லீவர் ஹேண்டிலை நோக்கிக் கொஞ்சம் இறங்கியிருந்தது. காலிப்பர் பக்க கிரிம்ப்புக்குக் கீழே ஈரம். மட்கார்டில் ஆயில் சொட்டிய இடத்தில் பெயிண்ட் சுருங்கி உரிந்திருந்தது. டாட் 4 பெயிண்ட்டைத் தின்னும் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை.

உங்கள் ஆள் சொன்ன முதல் பதில், "போல்ட்டை இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க". இரண்டாவது, "மெக்கானிக் வாஷர் சரியாப் போடலை". இரண்டுமே பொருந்தாது. எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, பான்ஜோவைச் சுற்றியும் கிரிம்ப்பின் மீதும் முகப் பவுடர் தூவி, மறுபடி லீவரைக் கட்டிப் பார்த்தோம். செம்பு வாஷரைச் சுற்றியிருந்த பவுடர் உலர்ந்தபடியே இருந்தது. கிரிம்ப் வளையத்தின் வாய், அதாவது பிவிசி உறை உள்ளே நுழைகிற இடம், அங்கே மட்டும் பவுடர் நனைந்து கறுத்தது. படம் மட்டும் போதாது என்று வீடியோவும் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வாஷரில் கசிந்தால் போல்ட்டை இறுக்கலாம். டெஃப்லான் குழாயை அதன் உள்ளே நுழையும் நிப்பிள் என்ற உலோக முனை மீது கிரிம்ப் சரியாகக் கவ்வாததால் கசிகிறது என்றால் போல்ட்டை இறுக்கி என்ன ஆகப் போகிறது? வளையத்தைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாலே பிரஸ் விழுந்த தடம் ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மேலோட்டமாகவும் இருப்பது தெரிகிறது. இதைச் சொன்ன பிறகு பதில் வருவது நின்றுவிட்டது.

உங்கள் தளத்தில் "ஒவ்வொரு ஹோஸும் அழுத்தச் சோதனை செய்யப்பட்டது", "டாட் அப்ரூவ்டு" என்று இரண்டு வாசகங்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை. அந்தத் துறை எந்த பிரேக் ஹோஸையும் அப்ரூவ் செய்வதில்லை. எஃப்எம்விஎஸ்எஸ் 106 என்ற அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதிப்படி தயாரிப்பாளரே தன் பொறுப்பில் சான்றளித்து, ஹோஸின் மீது டாட் என்ற எழுத்துகள், தன் அடையாளம், தயாரித்த மாதமும் வருடமும், உள்விட்டம் இவற்றை அச்சிட வேண்டும். அதே விதிப்படி எட்டில் ஒரு அங்குல உள்விட்டமோ அதற்குக் குறைவோ உள்ள ஹோஸ் 4000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தை 2 நிமிடம் தாங்க வேண்டும், 7000 பிஎஸ்ஐக்கு முன்னால் வெடிக்கக் கூடாது. நம் நாட்டில் இதற்கு ஐஎஸ் 7079 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. எனக்கு வந்த ஹோஸில் முனை முதல் முனை வரை தேடிவிட்டேன். உங்கள் லோகோ ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது. வேறு ஒரு எழுத்தும் இல்லை.

திருச்செங்கோடு எங்களுக்குப் பக்கத்து ஊர். போர்வெல் ரிக் வண்டிகளுக்கு அங்கே கடைக்குக் கடை ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் செய்து தருவார்கள், நின்று வாங்கிக்கொண்டு வரலாம். அந்த ஹோஸில்கூட சைஸும் தாங்கும் அழுத்தமும் வரிவரியாக அச்சடித்திருக்கும். (அதை பிரேக்குக்குப் போடலாம் என்று சொல்லவில்லை, அது வேறு எண்ணெய், வேறு குழாய்.) மண்ணைத் துளைக்கும் இயந்திரத்துக்கு இருக்கிற அந்த அச்சு, மனிதன் உட்கார்ந்து போகிற வண்டியின் பிரேக்குக்கு ஏன் இல்லை?

இந்த வண்டியில் முன்னால் ஒரே டிஸ்க், ஒரே ஹோஸ். அது போனால் மிச்சம் பின்னால் இருக்கும் டிரம் மட்டும்தான். நான் அடிக்கடி கொல்லிமலை போகிறவன். அங்கிருந்து அடிவாரத்தில் உள்ள காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முன் பிரேக் என்ன வேலை செய்கிறது என்பதை அந்தப் பாதையில் ஒருமுறை இறங்கியவரிடம் கேட்டுப் பாருங்கள். ராத்திரி லீவரைக் கட்டி வைக்கும் பழக்கம் எல்லா மெக்கானிக்குக்கும் இருக்காது. ஏர் எடுத்து, லீவர் கெட்டியாக இருக்கிறது என்று பார்த்து, வண்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மெதுவான கசிவு அன்றைக்குத் தெரியாது.

"கஸ்டம் ஐட்டம்" என்ற பதிலுக்கு வருகிறேன். நீளமும் கோணமும் நான் கொடுத்தவை. அவை பொருந்தவில்லை என்று ஹோஸைத் திருப்பினால் நீங்கள் மறுக்கலாம், அது நியாயம். கிரிம்ப் நான் செய்ததல்ல. அது உங்கள் பட்டறையில், உங்கள் பிரஸ்ஸில், உங்கள் ஆள் செய்தது. எல்லா நீள ஹோஸுக்கும் ஒரே மாதிரிச் செய்வது. அதில் கஸ்டம் என்று என்ன இருக்கிறது? 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கவும் பணத்தைத் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. உங்கள் தளத்தின் ரிட்டர்ன் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது இதற்கு மேலே போக முடியாது.

மாற்று ஹோஸ் வேண்டாம். அதே பிரஸ்ஸில் அடித்த இன்னொன்றை என்னால் வண்டியில் மாட்ட முடியாது. ஹோஸுக்குக் கட்டிய முழுத் தொகை, இரண்டு முறை கூரியர் செலவு, மட்கார்டு பெயிண்ட் செலவு ஆகியவற்றைத் தர வேண்டும். பில்களை இணைத்திருக்கிறேன். என் ஹோஸ் அழுத்தச் சோதனை செய்யப்பட்டது என்றால் அந்தச் சோதனையின் பதிவேட்டு நகல் வேண்டும். சோதனை நடக்கவில்லை என்றால் அதை எழுத்தில் சொல்லிவிட்டு அந்த வாசகத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

பணத்தைவிட எனக்கு முக்கியமானது ஒன்று உண்டு. என் ஹோஸ் செய்த அதே வாரத்தில், அதே பிரஸ்ஸில் அடித்த ஹோஸ்கள் வேறு யார் யாருக்குப் போயிருக்கின்றனவோ, அவர்கள் எல்லோருக்கும் போன் செய்து கிரிம்ப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்டர் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. இது ஒரு நாள் வேலை. இதைச் செய்தீர்கள் என்று தெரிந்தால் பெயிண்ட் செலவை நான் விட்டுவிடவும் தயார்.

ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. கசிந்த ஹோஸையும் தவறாக வந்த போல்ட்டுகளையும் கழுவாமல், துடைக்காமல் கவரில் போட்டு மெக்கானிக் கையெழுத்தோடு ஒட்டி வைத்திருக்கிறேன். எடுத்துப் போக ஆள் அனுப்பினால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ரசீது தரச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் கவரைக் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
நாமக்கல்.

இணைப்பு: ஆர்டர் ரசீது, கூரியர் பில்கள், பெயிண்ட் பில், கிரிம்ப்பின் படங்கள், நான் அனுப்பிய அளவுப் படத்தின் நகல்.